‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் என்ன பொருள்?



“திடீரென்று வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனாலும் பக்கவாதம்தான், உடனே ஊசி போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். படத்தில் இல்லாத நோய் உடம்பில் எப்படி இருக்கும்?”

இப்படி ஒரு கேள்வியை உங்கள் தெருவிலோ உறவினர் வீட்டிலோ நீங்கள் கேட்டிருக்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்குச் சரியான விடை தெரியாமல், “படம் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஊசி?” என்று தயங்கி நிற்கும் அரைமணி நேரத்தில் ஒருவருடைய பேச்சும் நடையும் நிரந்தரமாகப் போய்விடலாம். விடையின் ஒரு பாதி மருத்துவத்தில் இருக்கிறது. மறு பாதி நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காண்போம்.

இருவகைப் பக்கவாதம்

மனித மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. ஆனால் நாம் உட்கொள்ளும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லி லிட்டர் இரத்தம் பாய்ந்தபடி இருக்க வேண்டும். மூளையில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. வரவு நின்றால் வேலையும் நின்றுவிடும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்றில் உறைகட்டி அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் உள்ள பகுதி பட்டினி கிடக்கும். இது அடைப்பு வகைப் பக்கவாதம். இரத்தக் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்தால் அது கசிவு வகை. பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. இரண்டிலும் வாய் கோணும், கை தளரும், பேச்சு குழறும். வெளியிலிருந்து பார்த்து இவற்றைத் திட்டமாகப் பிரித்தறிய முடியாது.

ஆனால் சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்பு என்றால் உறைகட்டியைக் கரைக்க வேண்டும். கசிவு என்றால் இரத்தம் நன்றாக உறைய வேண்டும். கசிவு உள்ளவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

அடைப்பு ஏற்பட்ட இடத்தில் என்ன நடக்கிறது? கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதே கதைதான். நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் 10 மில்லி லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அங்குள்ள நரம்புச் செல்கள் விரைவில் இறந்துவிடும். இது கருநிழல். அதைச் சுற்றிலும் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் இரத்தம் கிடைக்கும் பகுதி இருக்கும். அங்குள்ள செல்கள் வேலையை நிறுத்தியிருக்கும், ஆனால் இறந்திருக்காது. இதை மருத்துவர்களும் புறநிழல் என்ற பொருளுடைய சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். நேரம் ஆக ஆகக் கருநிழல் விரிந்து புறநிழலை விழுங்கும். சிகிச்சை காப்பாற்ற முயல்வது இந்தப் புறநிழலைத்தான்.

சி.டி. ஸ்கேன் எதை அளக்கிறது?

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழற்படம். மண்டையோட்டின் நிழல் மூளையை முழுவதுமாக மறைத்துவிடும். இந்தத் தடையைத் தாண்டியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த இவர் அமைத்த கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகப் படமாக்கப்பட்டது. இதற்கான கணிதத்தை 1963, 1964 ஆண்டுகளில் தனியாக ஆராய்ந்து வெளியிட்டிருந்தவர் ஆலன் கார்மாக் என்னும் இயற்பியலாளர். 1979இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் தத்துவம் ஒரு புதிர்க் கணக்கு. நான்கு கட்டங்களில் நான்கு எண்கள் மறைந்திருக்கின்றன. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 7, கீழ் வரிசை 11, இடது நிரை 8, வலது நிரை 10, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் செல்லும் குறுக்குக் கோட்டின் தொகை 9. எண்கள் யாவை? தாளில் போட்டுப் பாருங்கள். மேலே 3, 4 என்றும் கீழே 5, 6 என்றும் வரும். சி.டி. கருவியும் இதையே செய்கிறது. பல திசைகளிலிருந்து மெல்லிய எக்ஸ் கதிரைத் தலையின் வழியே செலுத்தி, ஒவ்வொரு கோட்டிலும் கதிர் மொத்தம் எவ்வளவு உட்கவரப்பட்டது என்று அளக்கிறது. பிறகு கணிப்பொறி ஒவ்வொரு கட்டத்தின் உட்கவர் எண்ணையும் கண்டுபிடிக்கிறது.

இலட்சக்கணக்கான கட்டங்களுக்கு இந்தக் கணக்கை விரைவாகச் செய்ய ஒரு நல்ல வழி வேண்டும். அத்தகைய வழி ஒன்றை 1971இல் வெளியிட்டவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்த அதே இராமச்சந்திரன்தான். அவர்கள் இருவர் பெயராலும் அழைக்கப்படும் வடிகட்டு முறை இன்றும் படமறுஉருவாக்கப் பாடத்தில் முதலில் கற்பிக்கப்படுகிறது.

கருவி தரும் எண்களை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்கிறோம். நீரின் உட்கவர் எண்ணை அடிப்படையாகக் கொண்ட அளவு இது. நீரைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அதிகமாக உட்கவர்ந்தால் அது 1 அலகு. சில எண்களைப் பாருங்கள்:

காற்று: −1000
கொழுப்பு: சுமார் −100
நீர்: 0
மூளையின் வெண்பொருள்: சுமார் 25 முதல் 30
மூளையின் சாம்பல்பொருள்: சுமார் 35 முதல் 40
புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தம்: சுமார் 60 முதல் 80
கெட்டியான எலும்பு: சுமார் 1000

இந்தப் பட்டியலில் கசிந்த இரத்தம் மூளையைவிட 20 முதல் 40 அலகு வரை உயர்ந்து நிற்பதைக் கவனியுங்கள். ஹீமோகுளோபின் புரதம் அடர்ந்து சேர்வதே காரணம். ஆகையால் மூளைக்குள் கசிந்த இரத்தம் நோய் தொடங்கிய சில நிமிடங்களிலேயே படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கசிவைக் காட்டுவதில் சி.டி. மிகவும் நம்பத்தக்கது. கடுமையான இரத்தசோகை உள்ளவரிடம் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் வெண்மை மங்கலாம். மூளையுறையின் அடியில் கசியும் சிறிதளவு இரத்தம் நாள் செல்லச் செல்லக் கரைந்து கண்ணுக்குத் தப்பலாம். இவை விதிவிலக்குகள்.

அடைப்பு ஏன் தெரிவதில்லை?

இனி நம் கேள்விக்கு வருவோம். இரத்தம் வராமல் பட்டினி கிடக்கும் திசுவில் எது மாறுகிறது?

நரம்புச் செல்லின் சுவரில் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும் நுண்ணிய ‘பம்பு’கள் உள்ளன. இரத்தம் நின்றதும் சில நிமிடங்களில் அவற்றுக்கு ஆற்றல் இல்லாமல் போகிறது. சோடியம் உள்ளே புகுகிறது, அதைத் தொடர்ந்து நீரும் உள்ளே புகுகிறது, செல் வீங்குகிறது. இந்த நீர் எங்கிருந்து வந்தது? செல்களுக்கு இடையே உள்ள சந்துகளிலிருந்து வந்தது.

வடசென்னையில் கோடைக்காலத்தில் தண்ணீர் லாரி வரும் காட்சி உங்களுக்குப் பழக்கமானது. லாரியில் இருந்த தண்ணீர் அரைமணியில் தெருவில் உள்ள எல்லா வீட்டுக் குடங்களுக்கும் போய்விடும். தெருவுக்குள் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. ஆனால் அந்தத் தெரு முழுவதையும் ஒரு தராசில் வைத்து நிறுத்தால் எடை மாறியிருக்காது. சி.டி. ஸ்கேன் அப்படிப்பட்ட ஒரு தராசு. ஒரு கட்டத்தில் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும். அந்த நீர் செல்லுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

பின்னர் மெதுவாக இரத்தக் குழாய்களிலிருந்து புதிய நீர் திசுவுக்குள் சேரத் தொடங்கும். அப்போதுதான் தராசின் முள் அசையும். திசுவில் நீர் 1 சதவீதம் கூடினால் சி.டி. எண் சுமார் 2.5 அலகு குறைகிறது. முதல் சில மணி நேரத்தில் சேரும் நீர் பெரும்பாலும் ஓரிரு சதவீதமே. அதாவது சாம்பல்பொருளின் எண் 38 என்று இருந்தது 35 அல்லது 36 ஆகிறது. வழக்கமாக டாக்டர்கள் 0 அலகைக் கறுப்பாகவும் 80 அலகை வெள்ளையாகவும் வைத்து மூளைப் படத்தைப் பார்ப்பார்கள். அந்த 80இல் இரண்டரை அலகு மாறினால் சாம்பல் நிறம் மிகச் சிறிதளவே கறுக்கும்.

நல்ல கருவி இருந்தால் இந்தச் சிறு மாற்றத்தையும் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.5 அலகு என்பது நீரின் உட்கவர் எண்ணில் 0.25 சதவீதம். சி.டி.யில் பயன்படும் எக்ஸ் கதிருக்கு நீரின் உட்கவர் எண் செ.மீ.க்குச் சுமார் 0.19. அதில் 0.25 சதவீதம் சுமார் 0.0005. எனவே 1 செ.மீ. தடிமனுள்ள பாதித்த திசுவின் வழியே செல்லும் கதிரின் செறிவு ஏறக்குறைய 2000இல் 1 பங்கு மட்டுமே மாறும்.

எக்ஸ் கதிர் ஃபோட்டான்களாக வருகிறது. மழைத்துளிகள்போல அவை ஒழுங்கின்றி வந்து விழும். சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில் ஒருமுறை 92 விழும். ஒருமுறை 107 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம் என்பது புள்ளியியல் விதி. 100க்கு 10, 10,000க்கு 100. ஏற்ற இறக்கம் 2000இல் 1 பங்காக அடங்க வேண்டுமானால் 2000இன் வர்க்கம், அதாவது 40 இலட்சம் ஃபோட்டான்கள் மறுபுறம் வந்து சேர வேண்டும். தலையின் வழியே செல்லும் ஃபோட்டான்களில் 30இல் ஒன்றுகூட நேராக மறுபுறம் சேர்வதில்லை. ஆகவே அந்த ஒரு கோட்டில் மட்டும் 12 கோடிக்கும் மேல் செலுத்த வேண்டும். படத்தின் தெளிவை இருமடங்காக்க நான்கு மடங்கு கதிர்வீச்சு தேவை. மும்மடங்காக்க ஒன்பது மடங்கு. நோயாளியின் உடல் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கதிர்வீச்சைக் கூட்ட முடியாது. அதனால்தான் தலைப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் இருக்கும். அவற்றின் ஏற்ற இறக்கம் மட்டுமே மூன்று நான்கு அலகு வரும். நாம் தேடும் இரண்டரை அலகு அந்த மணலுக்குள் மறைந்துவிடுகிறது.

பின்மூளையிலும் மூளைத்தண்டிலும் நிலைமை இன்னும் மோசம். அவற்றைச் சுற்றியுள்ள தடித்த எலும்புகள் படத்தில் கறுப்பும் வெளுப்புமான கீற்றுகளை உண்டாக்கும்.

பழக்கப்பட்ட கண்ணுக்குச் சில தடயங்கள் அகப்படுவதுண்டு. சாம்பல்பொருளுக்கும் வெண்பொருளுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு மங்கியிருக்கலாம். உறைகட்டி உள்ள குழாய் வெள்ளைக் கீற்றாகத் தெரியலாம். ஆனால் ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு நிபுணர்கள்கூட மாறுபட்ட கருத்துச் சொல்லக்கூடிய இடம் இது. ஒரு நாள் கழித்து எடுத்தால் பாதித்த பகுதி கறுத்துத் தெளிவாகத் தெரியும். அதற்குள் காப்பாற்றக் கூடியது பெரும்பாலும் போயிருக்கும்.

காந்தக் கருவி எப்படிக் காண்கிறது?

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ் கதிர் கிடையாது. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு பம்பரங்கள்போல் காந்தப் புலத்தில் சுற்றுகின்றன. மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா கருவியின் புலம் பூமியின் காந்தப் புலத்தைப் போல் 30,000 மடங்குக்கும் மேற்பட்டது. அதில் அவை விநாடிக்குச் சுமார் 6 கோடியே 40 இலட்சம் முறை சுற்றும். அதே அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைக் கொடுத்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, அவை திருப்பிச் சிக்னல் தரும்.

இக்கருவியால் நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தையும் அளக்கலாம். பள்ளி மைதானத்தில் காலைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கொடிமரத்தைப் பார்த்து நிற்கிறார்கள். “முதல் வரிசை 10 பாகை வலப்புறம் திரும்பு, இரண்டாம் வரிசை 20 பாகை, மூன்றாம் வரிசை 30 பாகை” என்று உடற்பயிற்சி ஆசிரியர் ஆணையிடுகிறார். சிறிது நேரம் கழித்து, “அதே அளவு இடப்புறம் திரும்பு” என்கிறார். இடம் மாறாமல் நின்றவர்கள் எல்லாரும் மீண்டும் கொடிமரத்தையே பார்ப்பார்கள். இடையில் வரிசை மாறியவர்கள் மட்டும் புதிய வரிசையின் கணக்குப்படி திரும்பி, வேறு திசையில் நிற்பார்கள். கூட்டத்தின் ஒழுங்கு எவ்வளவு கலைந்திருக்கிறது என்று பார்த்தே எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம். இடத்துக்கு இடம் மாறும் காந்தப் புலத்தை இருமுறை கொடுத்து, நீர் மூலக்கூறுகளிடம் எம்.ஆர்.ஐ. செய்வது இதுதான். இதற்கு விரவல் படம் என்று பெயர்.

நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன என்பதற்கு ஐன்ஸ்டைன் 1905இல் கணக்கு வகுத்தார். ஆரோக்கியமான மூளையில், விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் ஒரு மூலக்கூறு சுமார் நூறில் ஒரு மில்லி மீட்டர் நகர்கிறது. அது ஒரு செல்லின் அளவு! லாரித் தண்ணீர் குடத்துக்குள் போனால் முன்போல் அலைய முடியாது அல்லவா? செல்லுக்குள் புகுந்த நீரும், குறுகிய சந்துகளில் எஞ்சிய நீரும் அடங்கிவிடுகின்றன. வழக்கமாகப் பயன்படும் அமைப்பில், ஆரோக்கியமான திசுவின் சிக்னல் 100இலிருந்து சுமார் 45 ஆகக் குறைகிறது. விரவல் பாதியாகிவிட்ட திசுவிலோ சுமார் 67 வரை நிற்கிறது. அதாவது பக்கத்துத் திசுவைவிட ஒன்றரை மடங்கு பிரகாசம். சி.டி.யில் 2000இல் ஒரு பங்காகத் தேடித் திணறிய மாற்றம் இங்கே வெளிச்சமாகத் தெரிகிறது. 1990இல் பூனைகளிடம் செய்த சோதனைகளில் மைக்கேல் மோஸ்லி குழுவினர் இதைக் காட்டினர்.

அதற்கும் எல்லை உண்டு

அப்படியானால் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே? அதற்கும் தடைகள் உண்டு. சி.டி. சில நிமிடங்களில் முடியும், எம்.ஆர்.ஐ.க்கு நேரம் கூடுதலாகும். நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். பலருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கும். அதன் வகையைச் சரிபார்த்தாக வேண்டும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் கிரைண்டிங் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் தெறித்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலிமையான காந்தப் புலம் அந்தத் துகளை அசைத்துக் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் காண்பதில்லை. அமெரிக்கத் தேசிய நல ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 356 பேருக்கு இருவகைப் படங்களும் எடுக்கப்பட்டன. அவர்களில் 217 பேருக்குப் பக்கவாதம் என்று இறுதியில் முடிவாயிற்று. அந்த 217 பேரில் எம்.ஆர்.ஐ. கண்டது 181 பேரை, சி.டி. கண்டது 56 பேரை மட்டுமே. எம்.ஆர்.ஐ.க்கும் 36 பேர் தப்பினர். பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான கணக்கின்படி, அடைப்பு வகையில் நூறில் சுமார் 7 பேருக்கு விரவல் படம் தொடக்கத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூளையின் பின்பகுதியில் அடைப்பு உள்ளவர்களிடம் இது பன்மடங்கு அதிகம்.

அந்த 217 பேருக்குப் பக்கவாதம் என்று இறுதியில் தீர்மானித்தவர்கள் யார்? நோயாளியின் கை கால்களைப் பரிசோதித்து, வரலாற்றைக் கேட்டு, படங்களையும் சேர்த்துப் பார்த்த டாக்டர்களே. இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்தாலும், வலிப்பு வந்து ஓய்ந்தாலும் பக்கவாதம் போன்ற தோற்றம் உண்டாகும். எனவேதான் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதும் ஸ்கேனைப் போலவே முக்கியமானது.

எந்தக் கேள்விக்கு எந்த விடை?

அவசரத்தில் சி.டி.யிடம் டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கசிவு இருக்கிறதா?” என்பது. அதற்கு அது நன்றாக விடை சொல்லும். “ஒன்றுமில்லை” என்ற விடைக்கு, “கசிவு இல்லை, பெரிய பகுதி இன்னும் அழிந்துவிடவும் இல்லை” என்று பொருள். பக்கவாத அறிகுறி உள்ளவருக்கு அது ‘வீட்டுக்குப் போகலாம்’ என்ற செய்தி ஆகாது. உறைகட்டியைக் கரைக்கும் மருந்துக்குக் கதவு திறந்திருக்கிறது என்ற நற்செய்தி.

அல்ட்டிப்ளேஸ் என்னும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் உண்டு என்று 1995இல் வெளியான ஆய்வு நிறுவியது. அங்கும் சி.டி. படம் கசிவை விலக்குவதற்கே பயன்பட்டது. மருந்து பெற்றவர்களில் நூறில் சுமார் 6 பேருக்கு மூளையில் தீங்கான கசிவு ஏற்பட்டது என்பதிலிருந்து, முன்கூட்டியே கசிவை விலக்குவது எவ்வளவு அவசியம் என்று புரிந்துகொள்ளலாம். 2008இல் இந்தக் கால எல்லை நாலரை மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் மெல்லிய குழல் செருகி உறைகட்டியை வெளியே இழுக்கும் முறையின் பயனை 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின. தகுந்த நோயாளிகளைப் படங்களின் உதவியால் தேர்ந்தெடுத்தால் 24 மணி நேரம் வரைகூட அது பயன்படும் என்று 2018இல் தெரியவந்தது.

படத்தால் சொல்ல முடியாத மற்றொன்று, நோய் தொடங்கிய மணி. இருவகை எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டு அதை ஓரளவு ஊகிக்கலாம். தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு அது உதவும் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் “அப்பா 7 மணிக்கு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்” என்று வீட்டிலுள்ள ஒருவர் சொல்லும் சொல்லுக்கு ஈடான கருவி எளிதில் கிடைக்காது.

மணலி புதுநகரிலிருந்து எவ்வளவு நேரம்?

மணலி புதுநகரில் இருக்கும் ஒருவர் இராயபுரம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையை அறிந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் நீளம் தெரியும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்புச் செல்கள் இறக்கின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்னும் மருத்துவர் 2006இல் கணக்கிட்டார். லாரி வரிசையில் 40 நிமிடம் நின்றால் 7 கோடியே 60 இலட்சம் செல்கள்! சாலையில் போகும் நேரத்தை நம்மால் முழுவதும் குறைக்க முடியாது. வீட்டில் தயங்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

முகம் ஒருபக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? திடீரென்று நடை தள்ளாடுகிறதா, பார்வை இரட்டையாகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். சி.டி. வசதியும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்வதே நல்லது. விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கும் வரை தண்ணீரோ காப்பியோ கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது. கசிவா அடைப்பா என்று நமக்குத் தெரியாதே! அறிகுறி சில நிமிடங்களில் தானே மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்து வரவிருக்கும் பெரிய அடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

எந்த அளவு கருவிக்கும் ஒரு மீச்சிற்றளவு உண்டு என்று முதல் செய்முறை வகுப்பிலேயே படிக்கிறோம். மீட்டர் அளவுகோலால் மயிரிழையின் தடிமனை அளக்க முடியாது என்பதால், மயிரிழைக்குத் தடிமனே இல்லை என்று யாரும் எழுதுவதில்லை. ஸ்கேன் படத்துக்கும் அதே விதியைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். அந்தத் தயக்கத்தின் அரைமணி மிச்சமாகும்.

செய்து பாருங்கள்

1. ஒரு தாளில் 25 சம கட்டங்கள் வரையுங்கள். சற்று உயரத்திலிருந்து ஒரு பிடி கடுகை ஒரே சீராகத் தூவுங்கள். கட்டத்துக்கு எத்தனை விழுந்தன என்று எண்ணிச் சராசரி காணுங்கள். சராசரி 16 என்றால் பெரும்பாலான கட்டங்களில் 12 முதல் 20 வரை இருக்கும். சராசரி 4 ஆகும்படி குறைவாகத் தூவிப் பாருங்கள். சராசரியோடு ஒப்பிட, ஏற்ற இறக்கம் எதில் அதிகம்?

2. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும், மற்றொன்றில் கெட்டியான கஞ்சியும் எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மை விடுங்கள். ஐந்து நிமிடத்தில் மை எதில் குறைவாகப் பரவியது? இரண்டு தம்ளர்களையும் தராசில் வைத்து அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

வினாக்கள்

1. 2007ஆம் ஆண்டு ஆய்வில் பக்கவாதம் உள்ள 217 பேரில் எம்.ஆர்.ஐ., சி.டி. ஆகியவை கண்டறிந்தவர்கள் தனித்தனியே எத்தனை சதவீதம்?
2. படத்தின் புள்ளி ஏற்ற இறக்கத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை மடங்கு ஃபோட்டான்கள் தேவை?
3. கசிவு உடனே தெரிகிறது. அடைப்பு உடனே தெரிவதில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களைக் கொண்டு விளக்குக.
4. இக்கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள கேள்விக்கு, பள்ளிக்குச் செல்லாத ஒரு பாட்டிக்கும் புரியும்படி ஐந்து வாக்கியங்களில் விடை எழுதுக.

(விடைகள்: 1. சுமார் 83, சுமார் 26. 2. 25 மடங்கு.)